க = க + 1: கல்லூரியிலிருந்து வந்த ஒரு கேள்வி

(மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் நடந்த பணியிடைப் பயிற்சியில் கணிதப் பட்டதாரி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணக்கில் மெல்லக் கற்கும் மாணவர்களைப் பற்றிப் பேசுமாறு என்னைக் கேட்டிருந்தார்கள். மன்னிக்க வேண்டும், நான் பேசப்போவது கணக்கில் நன்றாகப் படித்த மாணவர்களைப் பற்றி. அவர்களைப் பற்றி நாம் கவலைப்படுவதே இல்லை. பத்தாம் வகுப்பில் தொண்ணூறுக்கு மேல் வாங்கிவிட்டால், அந்தப் பிள்ளை கரையேறிவிட்டது என்று அடுத்த வரிசைக்குப் போய்விடுகிறோம்.

போன ஆண்டு பொங்கல் விடுமுறை முடியும் நேரத்தில் ஒரு மாணவி போன் செய்தாள். என்னிடம் ஒன்பதும் பத்தும் படித்தவள். கணக்கில் 96. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் கணிதப் பிரிவு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சிவில் இன்ஜினியரிங் கிடைத்து, குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போனவள். அவள் சொன்னது: "டீச்சர், மேத்ஸ் பாஸ், பிசிக்ஸ் பாஸ். பைத்தான்ல அரியர்."

நான் கணினி ஆசிரியை அல்ல. பைத்தான் என்றால் அப்போது பெயர் மட்டும்தான் தெரியும். "சிவிலுக்கு எதுக்கும்மா அது?" என்று கேட்டேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

எதற்கு என்று பிறகு தெரிந்துகொண்டேன். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் 2017 ஒழுங்குமுறையிலிருந்தே முதல் செமஸ்டரில் எல்லாப் பிரிவினருக்கும் பொதுவாக ஒரு தாள் இருந்தது. சிக்கல்களுக்குத் தீர்வு காண்பதும் பைத்தான் நிரலாக்கமும் என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். கட்டடம் கட்டப்போகிறவரும், இயந்திரம் வடிவமைக்கப்போகிறவரும், மின்சாரம் படிக்கிறவரும் அதைப் படித்தே ஆக வேண்டியிருந்தது. கூடவே லேப் வகுப்பும் இருந்தது. கணினித் துறைக்கே போகாத பிள்ளைகளுக்கும் இது ஏன் என்றால், எந்தத் துறையிலும் கணக்கீட்டைக் கணினியிடம் ஒப்படைக்கத் தெரிய வேண்டும் என்பதுதான். நியாயமான நோக்கம்தான்.

நம் பள்ளியில் கணினி அறிவியல் எடுத்த பிள்ளைக்கு இது அவ்வளவு புதிதல்ல. பதினொன்றில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டில் பைத்தான் என்று நம் பாடநூலிலேயே இருக்கிறது. உயிரியல் பிரிவிலிருந்து போகிற பிள்ளைக்கு அப்படி எதுவும் கிடையாது. இருவரும் ஒரே வகுப்பில், ஒரே வேகத்தில், ஒரே தேர்வை எழுதுகிறார்கள்.

அந்தப் போனுக்குப் பிறகு, எங்கள் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போன பிள்ளைகள் ஊருக்கு வரும்போதெல்லாம் இதைப் பற்றியே கேட்டேன். பதினொரு பேரிடம் பேசியிருப்பேன். இது ஆய்வு ஒன்றும் அல்ல. திண்ணையில் உட்கார்ந்து பேசியதுதான். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், சொல்லவில்லை.

எல்லாரும் முதலில் சொன்ன காரணம் ஆங்கிலம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கொஞ்சம் கிளறினால் வேறு மாதிரி வருகிறது. பைத்தான் தனக்கென ஒதுக்கி வைத்துக்கொண்ட ஆங்கிலச் சொற்கள் மொத்தம் 35தான். அதைவிட அதிகமான சொற்களை நம் பிள்ளைகள் ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்வார்கள். நிரல் எழுத ஆங்கிலம் தடையில்லை, சந்தேகம் கேட்கத்தான் தடை. ஒரு பையன் சொன்னான்: "கேக்கணும்னு நினைப்பேன் டீச்சர். மனசுக்குள்ள இங்கிலீஷ்ல வரியைக் கோத்து முடிக்கறதுக்குள்ள சார் அடுத்த ஸ்லைடுக்குப் போயிடுவாரு." தமிழில் கேட்டால் என்ன என்றேன். யாராவது சிரிப்பார்களோ என்று பயமாம். யாரும் சிரித்தார்களா என்றால், இல்லை, அவன் கேட்டதே இல்லை.

இனி வருவது என்னைச் சேர்ந்தது.

போன் செய்த மாணவி செமஸ்டர் லீவில் வீட்டுக்கு வந்தாள். எங்கே தடுக்கியது என்று கேட்டேன். ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டினாள். அங்கே ஆங்கில எழுத்தில் இருந்தது. உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

க = க + 1

"இது எப்படி டீச்சர் முடியும்? ரெண்டு பக்கமும் 'க'வைக் கழிச்சா பூஜ்யம் சமம் ஒண்ணுன்னு வருது. நீங்கதானே சொன்னீங்க, இப்படி வந்தா அந்தச் சமன்பாட்டுக்குத் தீர்வே இல்லைன்னு?"

நான்தான் சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன். கணக்கில் சமக்குறி ஒரு தராசு. இந்தத் தட்டும் அந்தத் தட்டும் எப்போதும் ஒன்று. பைத்தானில் அந்தக் குறி தராசு அல்ல, ஒரு கட்டளை. வலப்பக்கத்தை முதலில் கணக்கிடு, வந்ததை இடப்பக்கப் பெயரில் போட்டு வை. கபடி விளையாட்டில் புள்ளிப் பலகை வைத்திருப்பவர் என்ன செய்கிறார்? 14 என்று இருப்பதைப் பார்க்கிறார், ஒன்றைக் கூட்டுகிறார், பழையதை அழித்துவிட்டு 15 என்று எழுதுகிறார். அவ்வளவுதான். பழைய 14 எங்கேயும் இல்லை. இரண்டு பொருளையும் பிரித்துக் காட்ட, சமமா என்று கேட்பதற்குப் பைத்தானில் சமக்குறியை இரண்டு முறை போடுகிறார்கள்.

இதை நான் கற்றுக்கொள்ள எங்கள் பள்ளிக் கணினி ஆசிரியருக்கு இரண்டு நிமிடம் ஆனது. அவள் மூன்று மாதம் இதைச் சுமந்திருக்கிறாள். லூப் என்று வருகிற ஒவ்வொரு இடத்திலும் இந்த வரி வரும். ஒவ்வொரு முறையும் 'இது தப்பு, ஆனால் எல்லாரும் எழுதுகிறார்கள், நானும் எழுதுகிறேன்' என்று நகர்ந்திருக்கிறாள். கணக்கே தெரியாத பிள்ளை இங்கே தடுக்கியிருக்காது. நன்றாகக் கணக்கு தெரிந்ததால் தடுக்கியது.

"அந்த சார்கிட்ட கேட்டிருக்கலாமே?"

அவள் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "ஒன்பதாவதுல ஒருவாட்டி உங்ககிட்ட கேட்டேன் டீச்சர், மைனஸும் மைனஸும் பெருக்கினா ஏன் பிளஸ்னு. இப்ப அது வேணாம், வழிமுறையைப் போடுன்னு சொன்னீங்க."

எனக்கு அது நினைவில்லை. ஆனால் சொல்லியிருப்பேன். அரையாண்டு நெருங்கும்போது எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று எண்ண முடியாது. இந்த அரங்கில் இருக்கிறவர்களில் அப்படிச் சொல்லாதவர் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள், மேடையை உங்களுக்குக் கொடுத்துவிடுகிறேன்.

அவளுடைய லேப் அனுபவத்தையும் சொல்ல வேண்டும். நிரலில் பிழை இருந்தால் கணினித் திரையில் சிவப்பு எழுத்தில் சில வரிகள் வரும். எந்த வரியில் பிழை, என்ன வகைப் பிழை என்று அதிலேயே எழுதியிருக்கும். இவள் அதைப் படித்ததே இல்லை. சிவப்பைப் பார்த்ததும் விண்டோவை மூடிவிடுவாளாம். பக்கத்தில் இருப்பவர்கள் பார்ப்பதற்குள் மூட வேண்டும். பிறகு சீனியர் அக்காவின் ரெக்கார்ட் நோட்டைப் பார்த்து எழுத்து எழுத்தாகத் திரும்ப அடிப்பாள். அவுட்புட் வந்துவிடும். கையெழுத்தும் கிடைத்துவிடும்.

வரிசைப்படுத்தும் நிரலை அவள் முழுதும் மனப்பாடம் செய்திருந்தாள். தேர்வில் ஏறுவரிசைக்குப் பதில் இறங்குவரிசை கேட்டிருந்தார்கள். மாற்ற வேண்டியது ஒரே ஒரு குறி. பெரியது என்பதைச் சிறியது ஆக்க வேண்டும், அவ்வளவே. அந்தக் குறி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளுக்கு அந்த நிரல் ஒரு செய்யுள் போல. நடுவில் ஒரு சொல்லை மாற்றச் சொன்னால் முதலிலிருந்து சொல்லிப் பார்க்க வேண்டும்.

சிவப்பு என்றால் தவறு, தவறு என்றால் மதிப்பெண் போச்சு, ஆகவே யாரும் பார்க்காமல் அழி. இந்தப் பழக்கத்தை அந்தக் கல்லூரி கொடுக்கவில்லை. என் சிவப்புப் பேனா கொடுத்தது. தப்பாகப் போட்ட கணக்கை அடித்துவிட்டு அடுத்த பக்கத்தில் சரியாக எழுதி வா என்பேன். நோட்டு சுத்தமாக இருக்கும். அதிகாரிகள் பார்வைக்கு வந்தபோது பாராட்டுக்கூட வாங்கியிருக்கிறேன்.

இப்போது இன்னொரு மாணவனைப் பற்றிச் சொல்கிறேன். அவனும் சிவில்தான், வேறு கல்லூரி. என்னிடம் படித்தபோது 61 மதிப்பெண். அப்பா கம்பி கட்டும் வேலை; லீவு நாளில் இவனும் சைட்டுக்குப் போவான். பைத்தான் எப்படிப்பா இருந்தது என்று கேட்டால், "ஜாலியா இருந்துச்சு டீச்சர்" என்கிறான்.

அந்த லேப் பாடத்திட்டத்தில் முதல் பயிற்சிக்கு உதாரணங்கள் கொடுத்திருந்தார்கள்: மின்கட்டணம் கணக்கிடுதல், கடை பில் போடுதல், இரும்புக் கம்பியின் எடை காணுதல் என்று. கம்பி எடைக்கு சைட்டில் எல்லாருக்கும் தெரிந்த சூத்திரம் ஒன்று உண்டு. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, வர்க்கப்படுத்தி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வரும். 12 எம்எம் கம்பி என்றால் 144ஐ 162ஆல் வகுக்க வேண்டும், ஏறக்குறைய 0.89 கிலோ. (அந்த 162 எங்கிருந்து வந்தது என்பது நம் பத்தாம் வகுப்பு அளவியல்தான். உருளையின் கன அளவை எஃகின் அடர்த்தியான கன மீட்டருக்கு 7850 கிலோவால் பெருக்கிப் பாருங்கள். இத்தனை ஆண்டு உருளை நடத்தியும் எனக்கே இது இந்தப் பையன் சொல்லித்தான் தெரியும்.)

அவன் நிரலை ஓட்டினான். 12 எம்எம்முக்கு 8.89 என்று வந்தது. சிவப்பு எழுத்து எதுவும் இல்லை. கணினி எந்தக் குறையும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் அதே அவுட்புட்டை ரெக்கார்டில் எழுதத் தொடங்கிவிட்டார்கள். இவன் மட்டும் நிறுத்தினான். "மீட்டருக்கு ஒன்பது கிலோன்னா ஒரு கம்பியை யாரு டீச்சர் தூக்கறது? ஒரு கிலோவுக்கு உள்ளதான் வரணும்." தேடிப் பார்த்தால் 162க்குப் பதில் 16.2 என்று அடித்திருக்கிறான்.

விடை சரியா தவறா என்று சொல்ல அவனுக்கு ஆசிரியர் தேவைப்படவில்லை. விடைக்குறிப்பும் தேவைப்படவில்லை. தோளில் தூக்கிய கனம் அவனுக்குச் சொன்னது. 96 வாங்கியவளிடம் இல்லாத ஒன்று 61 வாங்கியவனிடம் இருந்தது, அதை நான் கொடுக்கவும் இல்லை.

இது நம் ஊர்ச் சிக்கல் மட்டுமல்ல. அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் உள்ள ஜார்ஜியா டெக் என்ற பல்கலைக்கழகத்தில் 1999 முதல் எல்லா மாணவர்களும் ஒரு கணினிப் பாடம் படிக்க வேண்டும் என்று வைத்தார்கள். கலை, மேலாண்மை, கட்டடக்கலை மாணவர்களுக்கும் அதே பாடம். அந்தத் துறைப் பிள்ளைகளில் பாதிப் பேர்கூடத் தேறவில்லை. அங்கே ஆங்கிலம் தடையில்லை, வீட்டில் கணினி இல்லாமலும் இல்லை. மார்க் குஸ்டியல் என்ற பேராசிரியர் 2003இல் இவர்களுக்காகத் தனியாக ஒரு பாடத்தை அமைத்தார். அதிலும் பைத்தான்தான், அதே லூப்தான். ஆனால் எண்களை வரிசைப்படுத்துவதற்குப் பதில், புகைப்படத்தில் சிவப்பைக் குறைப்பது, படத்தை நெகட்டிவ் ஆக்குவது, பதிவு செய்த குரலைத் தலைகீழாக ஓட்டுவது என்று பயிற்சிகள். ஒரு படத்தில் ஆயிரக்கணக்கான புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக மாற்ற முடியாது. ஆகவே லூப் ஏன் வேண்டும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. தவறாகச் செய்தால் முகம் பச்சையாகிவிடும். பிழை கண்ணுக்கே தெரியும், சிரிப்பும் வரும். தேறியவர்கள் 85 சதவீதத்துக்குப் பக்கத்தில் உயர்ந்தார்கள்.

அவரே பத்தாண்டு கழித்துத் திரும்பிப் பார்த்து எழுதினார்: மாணவர்கள் பாடத்தை விட்டு ஓடாமல் நிலைத்தார்கள் என்பதற்குச் சான்று இருக்கிறது, கூடுதலாகக் கற்றார்கள் என்பதற்கு அதே அளவு வலுவான சான்று இல்லை. இதை எனக்கு அச்செடுத்துக் கொடுத்த எங்கள் கணினி ஆசிரியர், "அப்போ பாதி வெற்றிதானே" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓடிப்போன பிள்ளைக்கு எதையும் கற்பிக்க முடியாது.

கல்லூரிப் பாடத்திட்டம் நம் கையில் இல்லை. நான் என் வகுப்பில் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். எல்லாம் பலித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

அடித்துவிட்டு வேறு பக்கத்தில் எழுதச் சொல்வதை நிறுத்திவிட்டேன். தவறான படி அப்படியே இருக்கட்டும். பக்கத்தில் எந்த வரியில், என்ன தவறு என்று ஒரு வரி எழுதினால் போதும். முதல் மாதம் பிள்ளைகள் எழுதியதெல்லாம் "கவனக்குறைவு" என்ற ஒற்றைச் சொல். அது நாம் அவர்களைத் திட்டும் சொல், பிழையின் பெயரல்ல. இப்போது "மூன்றாம் வரியில் அடைப்புக்குறியை நீக்கும்போது குறி மாற்றவில்லை" என்று எழுதுகிறார்கள். சிலர் இன்னும் அழிரப்பரோடுதான் வருகிறார்கள். நோட்டு அசிங்கமாக இருக்கிறது என்று ஒரு பெற்றோர் வந்து கேட்டார்; அவருக்கு விளக்கினேன், முழுதாக ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

பத்தாம் வகுப்பில் யூக்ளிடின் வகுத்தல் வழிமுறை இருக்கிறது. மீப்பெரு பொது வகுத்தி காண்பது. அதே கணக்கு அந்தக் கல்லூரித் தாளிலும் இருக்கிறது. முன்பு நான் இதை ஒரே பீரியடில் முடிப்பேன்: 252ஐ 105ஆல் வகு, மீதி 42; 105ஐ 42ஆல் வகு, மீதி 21; 42ஐ 21ஆல் வகு, மீதி 0; விடை 21. இப்போது இதற்கு இரண்டு பீரியட் ஆகிறது. ஒரு பிள்ளை கணினியாக நிற்கும், எதையும் சொந்தமாக யோசிக்கக் கூடாது. மற்றவர்கள் எழுதிக் கொடுத்த கட்டளையை மட்டும் செய்ய வேண்டும். கரும்பலகையில் இரண்டு பெட்டி. ஒன்றின் பெயர் அ, மற்றது ஆ. "ஆ-வை அ-வில் போடு, மீதியை ஆ-வில் போடு" என்று ஒரு குழு எழுதியது. கணினியாக நின்ற பையன் ஆ-வை அ-வில் போட்டுவிட்டு, "மீதி எங்க? வகுக்கவே இல்லையே, இப்ப ரெண்டு பெட்டியிலும் ஒரே எண்ணு" என்று திருதிருவென்று விழித்தான். வகுப்பே சிரித்தது. அந்தக் குழு எழுந்து வந்து, மீதியை முதலிலேயே மூன்றாவது பெட்டியில் எடுத்து வைக்க வேண்டும் என்று தானாகக் கண்டுபிடித்தது. நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பாடத்திட்டம் இரண்டு நாள் பின்தங்கியது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். திருப்புதல் தேர்வுக்கு முன் ஓடித்தான் பிடித்தேன்.

தொடக்க, நடுநிலை வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 'தகவல் செயலாக்கம்' என்று ஓர் இயல் கடைசியில் இருக்கும். தேர்வில் அதற்கு அவ்வளவு இடம் இல்லை என்று நாம் வேகமாக ஓட்டிவிடும் இயல் அது. கணினியே இல்லாமல் கணினியின் சிந்தனையைச் சொல்லிக்கொடுப்பது அதுதான். அடுத்த முறை அதைக் கடைசியில் வைக்காதீர்கள்.

அந்த மாணவி அரியரை எழுதத் தயாரானபோது, சில சனிக்கிழமைகள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பழைய லேப்டாப் ஒன்றை யாரிடமோ வாங்கி வைத்திருந்தாள். நானும் அவளோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். பைத்தானில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்று தெரிந்ததும் இருவருக்கும் உற்சாகம். மின்கட்டணம் கணக்கிடும் நிரல் எழுதினோம். அப்போது இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமாக இருந்தது, அதற்கு மேல் படிப்படியாக வேறு வேறு விலை. எங்கள் வீட்டு பில்லையே எடுத்து வைத்துக்கொண்டோம்.

ஓட்டினாள். சிவப்பு. அவள் கை தானாக மூடப் போனது. பாதி வழியில் நின்றது. பிறகு விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக, சத்தமாகப் படித்தாள். "ஒன்பதாவது வரி. 'மொத்ம்'ங்கற பெயர் வரையறுக்கப்படலையாம் டீச்சர்." நிமிர்ந்து பார்த்தாள். "த-வை விட்டுட்டேன்."

திருத்தினாள். இன்னொரு சிவப்பு வந்தது. அதையும் படிக்கத் தொடங்கினாள். நான் காபி போட எழுந்து போனேன்.